டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? நம் வீட்டு மொபெட்டைப் பற்றிச் சில வார்த்தைகள்

சோறு போட்ட பொருளைப் பழிக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தராசும் தையல் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் பெறுவது அதனால்தான். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அந்த வரிசையின் கடைசியில் ஒரு மொபெட்டும் நிற்கும். சாலைக் கடைத்தெருவில் எடுத்த பலசரக்கையும், தோவாளையிலிருந்து வந்திறங்கும் பூவையும், வீட்டில் இட்ட அப்பளத்தையும், தவணைக்குக் கொடுக்கும் பாத்திரங்களையும் பேட்டை, பூஜப்புரை, நேமம் என்று கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வண்டிதான். அதன் வருமானத்தில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஆகையால் அந்த வண்டியைப் பற்றி எழுதும்போது நன்றி மறவாமல்தான் எழுத வேண்டும்.

ஆனாலும் இன்று நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டை மேலும் செலவழித்து ஓட்டுவதா, அல்லது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு மாறுவதா என்பது அப்பாவின் கேள்வி. சும்மா நிற்கும் சைக்கிளில் ஒரு சிறு எஞ்சினைப் பொருத்திக்கொண்டால் என்ன, அதற்கு டூ ஸ்ட்ரோக் நல்லதா ஃபோர் ஸ்ட்ரோக் நல்லதா என்பது மகனின் கேள்வி. இரண்டு கேள்விகளுக்கும் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் சுமை ஏற்றி ஓடும் வண்டிக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான் சரி. சைக்கிளில் பொருத்தும் பெட்ரோல் எஞ்சினோ இரண்டு வகையிலும் வேண்டாம். இந்த முடிவுக்குப் பணக் கணக்கு ஒரு காரணம். நாம் குடியிருக்கும் தெருவின் கணக்கு அதைவிடப் பெரிய காரணம்.

மொபெட் வந்த வழி

சைக்கிளுக்கு மோட்டார் பொருத்தும் ஆசை புதிதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பான் நொடித்துக் கிடந்த 1946இல், ராணுவத்தின் ரேடியோ கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பொருத்தி விற்றார் சோய்சிரோ ஹோண்டா. அவை தீர்ந்ததும் 1947இல் தாமே ஒரு சிறு டூ ஸ்ட்ரோக் எஞ்சினைச் செய்தார். பிறகு அவருக்கே டூ ஸ்ட்ரோக்கின் இரைச்சலும் புகையும் பிடிக்கவில்லை. 1958இல் வந்த 50 சி.சி. சூப்பர் கப் வண்டியில் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை வைத்தார். அந்த வண்டி வகை 2017இல் 10 கோடி என்ற எண்ணிக்கையைத் தாண்டியது.

இந்தியாவில் கதை வேறு விதமாக நடந்தது. 1972இல் புனேயின் கைனடிக் நிறுவனம் லூனாவைக் கொண்டுவந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் ஏறிச் செல்லக்கூடிய மொபெட் இந்த நாட்டில் அதுவே முதல். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த வண்டி என்பதால், தென் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்களுக்கு அதன்மேல் கொஞ்சம் சொந்த உரிமையும் இருந்தது. டி.வி.எஸ். 50க்குப் பின் வந்த எக்ஸ்.எல். வகைகளும் டூ ஸ்ட்ரோக்தான். அந்த வரிசையில் முதல் ஃபோர் ஸ்ட்ரோக் மொபெட்டாக எக்ஸ்.எல். 100 வந்தது 2015இல். 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்து பைக் சந்தையில் ஃபோர் ஸ்ட்ரோக்கின் சிக்கனத்தைக் காட்டி முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் மொபெட்டுக்கு அந்த மாற்றம் வந்து சேர்ந்தது. 2017இல் பி.எஸ். 4, 2020இல் பி.எஸ். 6 என்று புகை விதிகள் இறுகிய பிறகு, இன்று கடையில் புதிதாக டூ ஸ்ட்ரோக் மொபெட் வாங்கக் கிடைப்பதில்லை. நம் தெருக்களில் ஓடுவன எல்லாம் பழைய வண்டிகளே.

எஞ்சினுக்குள் நடப்பது

ஸ்ட்ரோக் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒரு முறை மேலேயோ கீழேயோ போவதைக் குறிக்கும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்க வேண்டும், அமுக்க வேண்டும், பற்றவைத்துச் சக்தி பெற வேண்டும், எரிந்த புகையை வெளியே தள்ள வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இந்த நான்கு வேலைகளுக்கும் ஒவ்வொரு ஓட்டம் எடுத்துக்கொள்கிறது. உள்ளே விடும் வால்வு, வெளியே விடும் வால்வு என்று இரண்டு கதவுகள் முறை வைத்துத் திறந்து மூடுகின்றன. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை சக்தி கிடைக்கும்.

டூ ஸ்ட்ரோக்கில் அதே நான்கு வேலைகளும் இரண்டே ஓட்டத்தில் முடிந்துவிடும். கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை சக்தி கிடைக்கிறது. வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கும். அதனால் எஞ்சின் சிறியது, எடை குறைந்தது, விலையும் மலிவு. 70 சி.சி. அளவுள்ள எக்ஸ்.எல். சூப்பர் சுமார் 3.5 குதிரைத்திறன் தந்தது. 100 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக்கான எக்ஸ்.எல். 100 தருவது சுமார் 4.3தான். சி.சி. கணக்கில் பார்த்தால் டூ ஸ்ட்ரோக்குக்கே வலு அதிகம். அதை மறுப்பதற்கில்லை.

அந்த வலுவுக்கு ஒரு விலை இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் எரிந்த புகை வெளியே போகும் துளையும் புதுக் கலவை உள்ளே வரும் துளையும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். உள்ளே வருகிற புதுக் கலவைதான் பழைய புகையைத் தள்ளி வெளியேற்றுகிறது. தள்ளும்போது அதில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாக ஓடிவிடும். கார்புரேட்டர் வைத்த எளிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இந்த இழப்பு 15 முதல் 40 சதவீதம் வரை இருக்கும் என்பது பொறியாளர்கள் கணக்கு. காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல், எரிந்து வண்டியை இழுக்காமல், தெருவுக்குப் போகிறது.

இரண்டாவது சங்கதி எண்ணெய். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் ஆயில் அடியில் தனியாக நிற்கும். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒரு முறை அதை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுவோம். டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் 2டி ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்ற வேண்டும். வண்டிக்கு ஏற்ப லிட்டருக்கு 20 மில்லி முதல் 40 மில்லி வரை. அந்த எண்ணெய் எஞ்சினை வழவழப்பாக்கிவிட்டு, எரிந்தும் எரியாமலும் வெளியே போகும். நாம் காணும் நீலப் புகை அதுதான். "அண்ணாச்சி, ஆயில் கொஞ்சம் கூடவே ஊத்துங்க, எஞ்சினுக்கு நல்லது" என்று பெட்ரோல் பங்கில் சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. நல்லதன்று. கூடுதல் எண்ணெய் பிளக்கில் கரியாகப் படியும், சைலன்சரை அடைக்கும், புகையைப் பெருக்கும். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம், டெல்லியில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குச் சரியாக அளந்து முன்கூட்டியே கலந்த பெட்ரோல்தான் விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது இந்தக் கைக்கணக்கு வழக்கத்தை ஒழிக்கத்தான்.

நம் நகரத்தின் மேடு பள்ளத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓவர்பிரிட்ஜிலிருந்து புளிமூடு வழியாக ஸ்டாச்சு வரை ஒரே ஏற்றம். சுமையோடு ஏறும்போது டூ ஸ்ட்ரோக் அதிகம் குடிக்கும், அதிகம் புகைக்கும். இறக்கத்தில் வேறு தொல்லை. ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு இறங்கினால் உள்ளே போகும் பெட்ரோல் குறைகிறது. எண்ணெயும் அதோடுதான் வருகிறது என்பதால் அதுவும் குறைந்துவிடுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் எண்ணெய் தனி வழி என்பதால் அந்தக் கவலை இல்லை.

வீட்டுக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 30 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 9,000 கிலோமீட்டர். ஓடித் தேய்ந்த பழைய டூ ஸ்ட்ரோக் சுமையோடு லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுப்பதாகவும், நல்ல நிலையிலுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 60 கொடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியின் எண் வேறாக இருக்கலாம். அதைப் போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கில் முதல் வண்டிக்கு 200 லிட்டர், இரண்டாவதற்கு 150 லிட்டர். வித்தியாசம் 50 லிட்டர். நம் நகரில் பெட்ரோல் விலை லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிப் பல காலம் ஆயிற்று. ஆண்டுக்கு ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் அதில் மட்டும் போகிறது.

எண்ணெய்க்கு வருவோம். லிட்டருக்கு 20 மில்லி என்றால் 200 லிட்டர் பெட்ரோலுக்கு 4 லிட்டர் 2டி ஆயில். ஃபோர் ஸ்ட்ரோக் மொபெட்டில் ஒரு முறைக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய் போதும். ஆண்டுக்கு மூன்று முறை மாற்றினாலும் மூன்று லிட்டருக்குள் அடங்கும். சைலன்சரைக் கழற்றிக் கரி எடுப்பது, பிளக் துடைப்பது, சிலிண்டரை போர் செய்து புதுப் பிஸ்டன் போடுவது என்று டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர் பட்டறையில் செலவிடும் அரை நாட்களுக்கும் கூலி உண்டு. அந்த அரை நாளில் நடக்காமல்போன வியாபாரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இப்போது புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2025க்குள் நாடு முழுவதும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழையும் ஈரக்காற்றும் மிகுந்த இந்த ஊரில் நாள்கணக்கில் டாங்கில் கிடக்கும் பெட்ரோலில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்க வழி உண்டு. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் எத்தனால் கெடுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலே எண்ணெயைச் சுமந்து செல்வதால், கலவை கெட்டால் வழவழப்பும் கெடுகிறது. சூடேறிப் பிஸ்டன் ஜாம் ஆகி வண்டி நடுச்சாலையில் நின்றால் பின்னால் வருகிறவனுக்கும் ஆபத்து.

தெருக் கணக்கு

வீட்டுக் கணக்கை மட்டும் பார்க்கிறவர், "எனக்கு இந்த வண்டி போதும், நஷ்டம் என்னோடு போகட்டும்" என்று சொல்லிவிடலாம். நஷ்டம் அவரோடு போவதில்லை. மேலே சொன்ன கணக்கில் எரியாமல் ஓடும் பெட்ரோலை ஐந்தில் ஒரு பங்கு என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 40 லிட்டர். அதோடு அந்த 4 லிட்டர் எண்ணெய். ஒரு வண்டி ஓராண்டில் இத்தனையையும் விட்டுச் செல்வது எங்கே? ஆரியசாலையிலும் கரமனையிலும் வலியசாலையிலும் வீட்டு வாசலும் தெருவும் ஒன்றாக இருக்கும் சந்துகளில். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகத்துக்கும் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கும் குழந்தையின் முகத்துக்கும் நேரே இருக்கிறது சைலன்சரின் வாய். உயரமான தொழிற்சாலைப் புகைபோக்கி தன் புகையை வானத்தில் விடுகிறது. மொபெட்டின் புகை மூச்சு விடும் உயரத்திலேயே நிற்கிறது.

அந்தப் புகையில் இருப்பது வெறும் நாற்றம் அன்று. எரியாத ஹைட்ரோகார்பனும், அதில் பென்சீன் போன்ற நச்சும், எண்ணெய்த் துளிகளின் நுண் துகளும் இருக்கின்றன. பல நகரங்களில் காற்று மாசுக்கு டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்கள் ஒரு முதன்மைக் காரணம் என்று 2014இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் என்ற ஆய்விதழில் வந்த கட்டுரை எடுத்துக்காட்டியது. எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்தாலும் அவை விடும் மாசு அந்த விகிதத்தில் குறைவதில்லை என்பதே அதன் சாரம்.

"புகைச் சான்றிதழ் வைத்திருக்கிறேனே" என்று சிலர் கேட்பார்கள். அந்தச் சோதனையில் பெட்ரோல் வண்டிகளுக்கு அளக்கப்படுவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான். எண்ணெய்ப் புகையின் நுண் துகளை அந்தக் கருவி எண்ணுவதில்லை. ஹைட்ரோகார்பனிலும் சட்டமே டூ ஸ்ட்ரோக்குக்குச் சலுகை கொடுத்திருக்கிறது. 2000 மார்ச்சுக்குப் பின் செய்யப்பட்ட பழைய வகை வண்டிகளில் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 4,500 பி.பி.எம். வரம்பு என்றால் டூ ஸ்ட்ரோக்குக்கு 6,000. தேர்வில் தேறுவது வேறு, பக்கத்து வீட்டுக்காரர் இருமாமல் இருப்பது வேறு.

இதில் நமக்கென்று ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். நம்மை இந்த ஊர் அன்போடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பூவோ பாலோ கொண்டுபோகிறவர் நம்மவர். தூங்கும் தெருவில் முதலில் கேட்கும் இரைச்சலும் நம் வண்டியுடையது. "அண்ணாச்சி வண்டி வருது" என்பதை ஒரு தெரு சிரிப்போடும் சொல்லலாம், முகத்தைச் சுளித்துக்கொண்டும் சொல்லலாம். எப்படிச் சொல்ல வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. வண்டி நம்முடையது. தெரு எல்லோருடையதும்தான்.

டூ ஸ்ட்ரோக்கின் பக்க நியாயம்

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் முக்கியமாக அசையும் உறுப்புகள் பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் என்று மூன்றுதான். ஸ்பானர் இரண்டும் ஸ்குரூ டிரைவர் ஒன்றும் இருந்தால் மரத்தடியிலேயே பிரித்து மாட்டிவிடலாம். புதிய பி.எஸ். 6 ஃபோர் ஸ்ட்ரோக் மொபெட்டில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அதில் கோளாறு என்றால் கருவி உள்ள சர்வீஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். கைத்தொழிலாகக் கற்ற மெக்கானிக்குகளின் பிழைப்பு இதனால் சுருங்குகிறது என்ற வருத்தமும் நியாயமானதே.

புது வண்டி விலையும் சிறிதன்று. 2025 செப்டம்பரில் சிறு இரு சக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகும், அரை லட்சத்தை ஒட்டிய தொகை ஒரு தெரு வியாபாரிக்குப் பெருந்தொகை. அவரைப் பார்த்து, காரில் போகிறவர் புகையைப் பற்றி உபதேசம் செய்வது அழகன்று. நகரத்தின் காற்று கெடுவதற்குப் பெரிய வண்டிகளுக்கும் பங்கு உண்டு. சிறு வியாபாரியின் பத்து வண்டிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவர் கையைக் கழுவிக்கொள்ள முடியாது.

இவற்றை ஒப்புக்கொண்ட பின்னும் என் முடிவு மாறவில்லை. எளிதில் பழுது பார்க்கலாம் என்ற நன்மை உதிரி பாகம் கிடைக்கும் வரைதான். புதிதாகச் செய்யப்படாத வண்டிக்கு ஆண்டுக்கு ஆண்டு நல்ல பாகம் அரிதாகும், போலிப் பாகம் பெருகும். விலைக்கு ஒரு நடுவழி உண்டு. 2015க்கும் 2020க்கும் இடையில் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வண்டிகளில் கார்புரேட்டர்தான். அவை இப்போது பழைய வண்டிச் சந்தையில் கிடைக்கின்றன. நம் மெக்கானிக்குகளே கைவைக்கக்கூடியவை. முதலீடு குறைந்தவர்களுக்கு நான் சொல்லும் யோசனை அதுதான். பெட்ரோல் குழாய்களை மட்டும் எத்தனாலுக்குத் தாங்கும் புதியவையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் எஞ்சின் வேண்டுமா?

இனி இளைஞர்களின் கேள்விக்கு வருகிறேன். சைக்கிளில் மாட்டும் எஞ்சின் பெட்டிகள் தபாலில் வீட்டுக்கே வருகின்றன. விலை மலிவாக இருந்தால் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக், கொஞ்சம் கூடினால் 50 சி.சி.யை ஒட்டிய ஃபோர் ஸ்ட்ரோக். முதல் வகை இலகுவானது, வேகமானது, அதிரும், புகைக்கும். இரண்டாவது கனமானது, அமைதியானது, நீடித்து உழைக்கும். எஞ்சின் என்ற அளவில் ஒப்பிட்டால் இரண்டாவதே மேல்.

ஆனால் வாங்குமுன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் எஞ்சின் 25 சி.சி.க்கு மேற்படாமல் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் ஆகாது. அதைத் தாண்டினால் பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும், தலைக்கவசம் வேண்டும். வீட்டில் கூட்டிச் சேர்த்த சைக்கிளுக்கு வகை ஒப்புதல் கிடையாது. ஒப்புதல் இல்லாததைப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாததற்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டால், நஷ்ட ஈடு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். ஊரில் இருக்கும் ஒரு துண்டு நிலத்தையும் விற்கும்படி நேரலாம்.

ஓட்டுகிறவன் பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் இன்னும் கடுமை. 2019இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க வழி உண்டு. பதினாறு வயதில் லைசென்ஸ் எடுக்கலாம் என்று சிலர் சொல்வது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத, முறையாகப் பதிவான வண்டிக்கு மட்டும்தான்.

சட்டத்தை விட்டாலும் சைக்கிளின் உடம்பைப் பாருங்கள். கால் பலத்தால் ஓடும் வேகத்துக்குச் செய்த ஃபிரேம், ஃபோர்க், ரிம் பிரேக். புளிமூடு இறக்கத்தில் மழை நாளில் ரப்பர் பிரேக்கை நம்பி மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்குவதை எந்த எஞ்சினும் பத்திரமாக்காது.

சைக்கிளுக்கு உதவி வேண்டும் என்பவருக்கு இன்று வேறு வழி இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட பேட்டரி சைக்கிள், உரிய அங்கீகாரத்தோடு வந்ததாக இருந்தால், பதிவும் லைசென்ஸும் கேட்பதில்லை. ஏற்றத்தில் பெடலும் மிதிக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் பழக்கம் அப்படியே. சுமை வியாபாரத்துக்கு அது போதாது. பள்ளிக்கும் டியூஷனுக்கும் கடைக்கும் போதும். பழைய லூனாவே 2024 பிப்ரவரியில் மின்சார வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. நம் நகரை அடுத்த ஆறாலும்மூட்டில் கேரள அரசு 1978இல் நிறுவிய கேரளா ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 2019இல் மின்சார ஆட்டோவை வெளியிட்டது. டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்ற வழக்கே இன்னும் சில ஆண்டுகளில் பழங்கதையாகலாம். சார்ஜ் செய்ய இடமில்லாத வாடகை வீடுகளில் இருப்பவர்களுக்கு அதுவரை ஃபோர் ஸ்ட்ரோக் தேவைப்படும்.

எல்லை தாண்டி வரும் வண்டிகள்

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக் களியக்காவிளை வழியாக ஓட்டி வந்துவிடுகிறார்கள். டி.என். 74 என்ற எண்ணோடு இங்கே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதும் உண்டு. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலத்தில் பதிவை மாற்ற வேண்டும் என்பது சட்டம். முதல் ஊரின் அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியானால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் உயர்ந்திருக்கிறது. கேரள அரசும் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் இத்தகைய பழைய வண்டிகளின் வரியை 50 சதவீதம் கூட்டியது. எல்லாவற்றையும் கூட்டினால் மலிவு என்று வாங்கியது மலிவாக இராது. பதிவு மாற்றாமல் ஓட்டினாலோ, விபத்து நாளில் காகிதம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி எழும். விற்றவர் அன்றைக்குப் போனை எடுப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

டூ ஸ்ட்ரோக் வண்டியை நாளைக்கே யாரும் விட்டுவிட முடியாது. மாறும் வரை சில காரியங்களைச் செய்யலாம். கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் எண்ணெய் கலக்காதீர்கள். அளவுக் குப்பி வைத்து ஊற்றுங்கள். தரமான 2டி ஆயிலையே வாங்குங்கள். வடித்தெடுத்த பழைய எண்ணெயைக் கலக்கவே கூடாது. வாரக்கணக்கில் நிறுத்தும்போது டாங்கை வடித்துவிடுங்கள். ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாதம் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். சந்துக்குள் வண்டியை ஓடவிட்டபடி நின்று பேசாதீர்கள். மாறும் நாள் வந்ததும், அதை இன்னொரு தெருவுக்குத் தள்ளிவிடாமல், பதிவை ரத்து செய்து முறைப்படி உடைக்கக் கொடுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடுகிற நாம், ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கத்தினர் வண்டிகளுக்கு ஒரு சோதனை நாள் வைக்கலாம். நம்மிடையே அனுபவமிக்க மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேடையில் ஒரு பொன்னாடையும் போடலாம். பதிவு மாற்றம், இன்சூரன்ஸ் போன்ற மலையாளப் படிவங்களை நிரப்பத் தெரியாமல் இடைத்தரகருக்குக் காசு கொடுக்கும் நம் சிறு வியாபாரிகளுக்கு, படித்த இளைஞர்கள் அன்று உட்கார்ந்து எழுதிக்கொடுக்கலாம். பழைய வண்டியை மாற்ற நினைப்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சீட்டு நடத்தினால், மாதம் ஒருவராக ஓராண்டுக்குள் அத்தனை பேரும் மாறிவிடலாம். சீட்டு நடத்துவது நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தை அன்று. ஆனால் கேட்கவும் கொடுக்கவும் கணக்கை எழுதி வைத்து முறையாக நடத்த வேண்டும்.

நமக்குச் சோறு போட்ட வண்டிக்கு நன்றி சொல்வோம். அதன் புகையைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் பொறுத்துக்கொண்ட அயலாருக்கும் நாம் பட்ட கடன் வேறு. அடுத்த முறை ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும்போது, அந்த இடத்தில் தெருவை இருமவைக்காத ஒரு வண்டி நிற்கட்டும் என்பது என் விருப்பம். அன்பர்கள் தங்கள் கருத்தையும், தங்கள் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்ற உண்மைக் கணக்கையும் எழுதி அனுப்பினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.